சிவக்காத மஞ்சத் தாள்

இல்ல சார், ஜுரேமா டாக்டரம்மா பொய் சொல்ற ஆளு இல்ல. அத முதல்ல எழுதிக்கோங்க. திமிர் புடிச்சவங்க, அது வேற கதை. மரவள்ளிக் கிழங்குகிட்ட காட்டுன பாசத்துல கால்வாசிகூட மனுஷங்ககிட்ட காட்டுனதில்ல.

நானா? அவங்க லேப்ல குப்பி கழுவுறவ. ஏழாம் வகுப்போட நிறுத்திட்டேன். ஏன்னு கேக்காதீங்க, புடிக்கல.

கசப்பு மரவள்ளில விஷம் இருக்குல்ல, அது செடிக்குள்ள எப்படி உண்டாகுதுன்னு கண்டுபுடிச்சதே அவங்கதான். முப்பது வருஷம் அதே வேலை. கல்யாணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெளிநாட்டுல மெடல் குத்திவிட்டாங்க. அத ஆணி டப்பாவுல போட்டு வச்சிருக்காங்க. விஷமே இல்லாத கிழங்கு ஒண்ணு கொண்டு வரணும், எங்க ஆத்தோரத்து ஜனங்க புடுங்கின கையோட அவிச்சுத் தின்னணும், அவங்களுக்கு வேண்டியது அவ்ளோதான்.

கொண்டுவந்துட்டாங்கன்னுதான் நெனச்சாங்க. மஞ்சத் தாள் வச்சுப் பார்ப்பாங்க, சிவந்தா விஷம். தாள் மஞ்சளாவே இருந்துச்சு. அன்னிக்குக் குடையோட வெளிய போயி நின்னு தனியா அழுதாங்க. மழை இல்ல சார்.

அப்புறம் படகுக்காரர் வால்டெமிர் வீட்டுல அந்தக் கிழங்க அவிச்சுத் தின்னாங்க. ரெண்டு பிள்ளைங்களும் போச்சு. கசந்தா துப்பியிருக்கும். கசக்கல. இப்ப ஊரே டாக்டரம்மாவ கொலைகாரின்னுது. நீங்களும் அவங்கள உள்ள வைக்கத்தானே வந்திருக்கீங்க?

தாள் ஏன் சிவக்கலைன்னா, கிழங்கு தண்ணில கெடந்துச்சு. வியாழக்கிழமை புடுங்குவாங்க, டாக்டரம்மா திங்கக்கிழமைதான் வந்து பார்ப்பாங்க. சும்மா வச்சா கறுத்துடும், கறுத்தா கத்துவாங்க. நான் தோலுரிச்சு வாளித் தண்ணில போட்டு வச்சேன். எங்க வீட்டுல அப்படித்தான். ஆமா, ஊறினா விஷம் எறங்கிடும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அத இதோட சேர்த்து யோசிக்கல. அவங்களும் ஒரு வார்த்தை கேக்கல.

எப்ப தெரிஞ்சுதா? லேப்ல பெரிய மனுஷங்க வந்து கூடுன கூட்டத்துல. புடுங்கின அன்னிக்கே சோதிக்கணும், தண்ணில போட்டா எல்லாம் தப்பாயிடும்னு பேசிட்டிருந்தாங்க. நான் காபித் தட்டோட நின்னேன். அப்பதான் என் வாளி ஞாபகம் வந்துச்சு. சொல்ல வாயத் தெறந்தேன். டாக்டரம்மா அவங்க எல்லார் முன்னாடியும் என்னைக் காட்டி, இதுக்குத் தலை கெடையாது, கை மட்டும்தான்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சரின்னு காபி ஊத்தினேன்.

அடுத்த வாரம் ஊருக்கெல்லாம் அந்தக் கிழங்கோட நடவுக்குச்சி குடுத்தாங்க.

எங்க வீட்டுக்கா? ஒரு கட்டு குடுத்தாங்க சார். அன்னிக்கே அடுப்புல வச்சுட்டேன். பச்சைக் குச்சி, ஒரே புகை.