அன்று சாலையில் நெரிசல் இல்லை

தலையைப் பிடிக்கிறேன். பிடி நழுவுகிறது. தட். மறுபடியும் தட். சுவரில் ரத்தம்.

"அப்பா, கடிச்சுடுவான்! கைய எடுங்க!"

கடித்துவிட்டான். அல்வாலில் எங்கள் தெருவில் போனாலு, அம்மன் திருவிழா ஊர்வலம். ஆடி ஞாயிறு, பிற்பகல். தப்பட்டையின் ஒவ்வொரு அடிக்கும் என் பேரன் சுவரில் மோதுகிறான். பதின்மூன்று வயது. நடக்கமாட்டான். உட்கார்ந்தபடியே மோதுகிறான். என் மகள் சுதா அவன் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவே தலையணையைத் திணிக்கிறாள். அவன் முழங்கை அவள் வாயில் இடிக்கிறது. உதடு கிழிகிறது. திடீரென்று அவன் கண்கள் மேலே செருகுகின்றன. உடம்பு விறைக்கிறது. வலிப்பு.

"ஒருக்களிச்சுப் போடுங்க! வாய்ல எதையும் வைக்காதீங்க!"

குதிகால் தரையில் அடிக்கிறது. டக். டக். டக். மேளம் தெருமுனை தாண்டிய பிறகுதான் நிற்கிறது.

இதை யாரும் போர் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர் இல்லை. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்றார் டாக்டர். போகாத நேரம் கொஞ்சம்தான். சேதம் வருடக்கணக்கில் வெளியே வந்தது. முதலில் கழுத்து நிற்கவில்லை. பேச்சு வரவில்லை. பிறகு வலிப்பு. இப்போது இந்த மூர்க்கம்.

காரணம் டிராஃபிக் என்று சொல்லிவருகிறோம். பொய்.

அன்று சுதாவின் வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை பெங்களூரில். நான் காரை ஓட்டினேன். பிரதான சாலை காலியாகத்தான் இருந்தது. குறுக்குவழி என்று திருமுல்கேரிப் பக்கம் ராணுவக் குடியிருப்புக்குள் திருப்பினேன். பாதுகாப்புத் துறையில் இன்ஜினியராக இருந்தவன். மற்றவர்களுக்கு மூடும் கேட் எனக்குத் திறக்கும். அன்று திறக்கவில்லை. ஓய்வு பெற்றவரின் அட்டை செல்லாது என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய். மீசைகூடச் சரியாக முளைக்காதவன்.

"பந்த் ஹை, அங்கிள். கூம்கே ஜாயியே."

சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறான். என்னை. இறங்கினேன். உன் மேலதிகாரியைக் கூப்பிடு என்று கத்தினேன்.

"அப்பா, வண்டியத் திருப்புங்க! முடியலப்பா!"

திருப்பவில்லை. அதிகாரி வரும்வரை நின்றேன். வந்தார். அவரும் மறுத்தார். அதற்குப் பிறகுதான் திருப்பினேன்.

பிறந்ததும் குழந்தை அழவில்லை. நீலமாக இருந்தான்.

மாப்பிள்ளை வந்ததும் வராததுமாக அவளைக் கேட்டார். "ஏன் லேட்டு? தலைவாரிப் பூ வச்சுட்டுதான் கிளம்பினியாக்கும்?"

"டிராஃபிக்" என்றாள் சுதா. என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அந்தக் கேள்வியை விடவே இல்லை. சண்டைக்குச் சண்டை அதுதான். மூன்றாம் வருடம் அவளை விட்டுப் போனார். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இழந்தவை. பேரனின் பேச்சு. அவன் நடை. வலது கை, விரல்கள் இருக்கின்றன, எதையும் பிடிக்காது. சுதாவின் வேலை. அவள் கணவன். அவளுடைய தூக்கம். அன்று பிறந்திருக்க வேண்டிய பையன் ஒருவன்.

என் கணக்கில் எழுத ஒன்றுமில்லை. சுதா இன்றும் எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள்.