பதினான்கு கேக்குகள்

முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் ஆய்வுக்கூடச் செல்களுக்கு உணவும் சூடும் மாறாமல் தந்தவரே, டனீடின் நகரக் குளிரில் எவருக்கும் முன்பே வந்து கதவு திறந்தவரே, இன்று ஓய்வு பெறும் நோலீன் ராபட்டா அம்மையாரே, வணக்கம்.

இந்த மடலில் உங்கள் பொறுமையைப் புகழ எண்ணியிருந்தோம். அதைச் சோதித்தவர்களே நாங்கள்தான் என்பதால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டோம்.

யாருடைய கையால் செல்கள் கெடுகின்றனவோ, அவர் வெள்ளிக்கிழமைத் தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும் என்பது நம் ஆய்வுக்கூடத்து வழக்கம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீங்கள் செல் வளர்க்கும் தட்டுகளில் செல்கள் பெருகாமல் நின்றன. பதினான்கு வாரம் கேக் கொண்டுவந்தீர்கள். நாங்கள் சாப்பிட்டோம். இரண்டாவது துண்டும் கேட்டோம்.

ஆறாம் வாரம் நீங்கள் சொன்னீர்கள்: "செல்லு கெடல, ஹேமிஷ். உயிரோடதான் இருக்கு. புதுத் தட்டுல பூச்சு சரியில்ல. ஒட்டிப் படர முடியாம உருண்டு கிடக்கு. படர்ந்தாத்தான் பெருகும்."

எங்கள் தலைவர் ஹேமிஷ் சொன்னார்: "தட்டு மேல பழியப் போடாதீங்க, நோலீன். அடுத்த வாரம் எலுமிச்சை கேக்கா இருக்கட்டும்."

சிரித்தோம்.

பதினைந்தாம் வாரம் பழைய வகைத் தட்டுகள் வந்தன. செல்கள் பெருகின. உங்கள் கை சுத்தமாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

சென்ற மாதம் உங்கள் மேசையை ஒழித்தபோது அந்த ஆண்டின் குறிப்பேடு கிடைத்தது. ஒரே குடுவைச் செல்களைப் பாதி எஞ்சியிருந்த பழைய தட்டிலும் பாதி புதிய தட்டிலும் இட்டு, அதே உணவு தந்து, நாள்தோறும் பென்சிலால் வரைந்திருந்தீர்கள். படர்ந்தவை இரண்டாயின, நான்காயின. உருண்டவை அப்படியே இருந்தன. அவற்றையும் எடுத்துப் பழைய தட்டில் விட்டீர்கள். படர்ந்தன, பெருகின. செல்லின் வடிவம் அதன் வளர்ச்சியை ஆள்கிறது என்று பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள். அதை எங்கள் கூடத்திலேயே கண்டவரிடம் கேக் வாங்கித் தின்றோம்.

நேற்று ஹேமிஷ் மன்னிப்புக் கேட்டபோது நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "கேக்கு கெடக்கட்டும்ப்பா. ஒரு நாளாவது வந்து மைக்ரோஸ்கோப்புல பாத்திருக்கலாம்ல."

பார்க்கவில்லை.

அலமாரியின் அடியில் அந்தப் புதிய வகைத் தட்டுகளில் இரண்டு மீதி இருந்தன. உங்கள் குறிப்பேட்டின்படியே செய்தோம். இன்று காலை நாங்கள் பதினான்கு பேரும் வரிசையில் நின்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். செல்கள் நீங்கள் வரைந்தபடியே இருந்தன.

மேசையில் பதினான்கு கேக்குகள் இருக்கின்றன. ஆளுக்கொன்று சுட்டோம். நடுவில் அமுங்கியிருப்பது ஹேமிஷின் எலுமிச்சை கேக்.

உடல்நலத்தோடு நெடுநாள் வாழுங்கள். கேக் சரியில்லை என்றால் சொல்லுங்கள். இம்முறை காது கொடுத்துக் கேட்போம்.

தலைகுனிந்து,
செல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் பதினான்கு பேர்
டனீடின்