கொல்லையில் போடும் வெடி

எனது பெயர் செந்தமிழ்ச்செல்வி, வயது 34, கணவர் பெயர் இளவரசன். தியாகதுருகம் மேற்குத் தெருவில் குடியிருந்து வருகிறேன். நாங்கள் மக்காச்சோளம் பயிரிடும் குடும்பம். எங்களுக்கு சுபஸ்ரீ என்ற ஏழு வயது மகள் இருக்கிறாள். டைகர், பூச்சி என்று இரண்டு நாய்கள் வளர்க்கிறோம். டைகர் என் கணவர் விலைக்கு வாங்கிச் சோளக் கொல்லையில் பன்றி விரட்டப் பழக்கியது. 'புடி' என்றால் பாயும், சொல்லாமல் எலியைக்கூடத் தொடாது. பூச்சி என் மகள் தெருவிலிருந்து தூக்கி வந்தது. அதைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோனதே இல்லை.

என் கணவர் மலையில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து, நாமும் போகலாம் என்று நச்சரித்து வந்தார். கடந்த சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் நாய்களுடன் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டு, வெள்ளிமலை வரை வேனில் போய், அதன் பிறகு காட்டுப் பாதையில் நடந்தோம். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அரிசியும் பாத்திரமும் என் முதுகில் ஏறின. அவர் பையில் கூடாரமும், தீபாவளியில் மீந்த வெடியும் இருந்தன. எங்கள் பக்கம் கொல்லையில் பன்றி புகுந்தால் வெடி போடுவது வழக்கம். மலைக்கு அது எதற்கு என்று கேட்டேன். கரடி வந்தால் நீயா விரட்டுவாய் என்று என்னையே மடக்கினார்.

மதியம் ஒரு பெரிய பாறைச் சரிவின் கீழே போகும்போது பனி இறங்கிவிட்டது. புதர் ஒன்று அசைந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் என் கணவர் வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டார். டைகருக்கு அந்தச் சத்தம் பழக்கம், நின்ற இடத்திலேயே நின்றது. பூச்சி மிரண்டு, மகள் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. மகள் அதன் பின்னால் ஓடிப் பனியில் மறைந்துவிட்டாள். அதன் பிறகுதான் தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. பாறை முழுவதும் மலைத்தேன் அடைகள். வெடி போடுமுன் நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மகள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினோம். சற்று நேரத்தில் ஓர் ஆள் கம்பளியில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. கம்பளிக்கு வெளியே என் மகளின் சிவப்பு ஷூ தொங்கியது. என் கணவர் நில்லுடா என்று கத்தினார். அந்த ஆள் நிற்கவில்லை. என் கணவர் டைகரின் கழுத்து வாரைக் கழற்றினார். நான் அவர் கையைப் பிடித்து, "வாணாங்க, கொழந்த அவரு கையில கீது" என்றேன். அவர் கையை உதறிவிட்டு 'புடி' என்றார்.

டைகர் அந்த ஆளின் தொடையைக் கவ்வியது. அவர் விழுந்தார். விழுந்தும் குழந்தையை விடாமல் அதன்மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். "கம்பளியப் பிரிக்காதீங்க, தேனீ வருது" என்று மட்டும் சொன்னார். கிட்டே போன பிறகுதான் அவர் முகம் தெரியாமல் தேனீ மொய்த்திருப்பதைப் பார்த்தேன். என் மகளுக்குக் கையில் ஒரே ஒரு கொட்டுதான். அவர் மாடு மேய்க்க வந்த தெய்வசிகாமணி என்பதும், மகளின் அழுகுரல் கேட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார் என்பதும் பிறகு தெரிந்தது.

தேனீக்கள் அடங்கிய பிறகு அவரையும் மகளையும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அங்கே என் கணவர், மேற்படி நபர் குழந்தையைக் கடத்தப் பார்த்தார் என்றும், நாய் தானாகவே பாய்ந்தது என்றும் போலீசாரிடம் புகார் எழுதிக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கோபத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை அந்த வார்டுக்குப் போனேன். தெய்வசிகாமணிக்குக் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தது. கட்டிலருகே ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறியதும் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி ரங்கம்மாள் என்னைப் பார்த்து எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாப்பா சாப்புடுதாம்மா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை யாரும் கூட்டி வரவில்லை.

நாய் தானாகப் பாய்ந்தது என்பது பொய். ஏவியது என் கணவர். வெடி போட்டதும் அவர்தான். தெய்வசிகாமணி இல்லையென்றால் என் மகள் இல்லை. பூச்சி இன்னும் திரும்பவில்லை, மகள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எல்லாம் நடந்தது நடந்தபடி உள்ளது. என் கணவர் டைகரைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பது ஜன்னலில் தெரிகிறது. உள்ளே இன்னா சொன்ன என்று கேட்பார். இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்)
இ. செந்தமிழ்ச்செல்வி