குடியானவன் காய்

போதுங்க, போதுங்க, அரை சீட்டு கெடச்சாலே பெரிய விஷயம். தள்ளி உக்காந்து எடம் குடுத்தீங்களே, புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும். நின்னு நின்னு ரெண்டு காலும் வீங்கிப்போச்சு. பஸ்ல நின்னதால இல்லீங்க, இது ஊர்ல நின்னது. விக்கிரமங்கலம் போற வரைக்கும் நேரமிருக்கு, சொல்றேன்.

என் பேரு குருநாதன். தமிழ்ப் பண்டிதர், ரிட்டயர் ஆயிட்டேன். மடியில இருக்கறது நான் எழுதுன புஸ்தகந்தான், வாங்கிப் பாருங்க. கோட்டைன்னு ஒரு ஆட்டம். எங்க ஊரு மன்றத்துல கேரம் போர்டு ஒடஞ்சு போச்சு, புதுசா ஏதாச்சும் ஆடலாம்னு தலைவரு கொளஞ்சி சொன்னாரு. ஊர்லயே பெரிய பண்ணை அவங்களுது. தாயக்கட்டதான், ஆனா ஆளுக்கு ஒரு வேஷம். அரசன், அமைச்சர், தளபதி, வணிகன், குடியானவன்னு ஆளுக்கு ஒரு காய். பொரட்டிப் பாருங்க, முப்பத்தொம்பது பக்கமும் என் வர்ணனை. அரசன் எப்படி நடப்பான், எப்படி இருமுவான், அவன் மீசைக்கு மட்டுமே ரெண்டு பக்கம்.

விதியா? அது பின்னட்டையில இருக்கு. அச்சகத்துப் பேருக்கு மேல பொடி எழுத்துல அஞ்சு வரி. அத எழுதுனது கொளஞ்சி. எல்லாருக்கும் ஒரே தாயக்கட்ட. குடியானவன் நவுந்தாத்தான் அரசன் நவுறலாம், அவன் வெளைச்சாதானே இவன் திம்பான். எந்தக் காயா இருந்தாலும் தாயம் போட்டு அரண்மனைக்குள்ள மொதல்ல போறவர்தான் அரசன். அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கிற வரைக்கும் மன்றத்துல இருக்கிற கை வெச்ச நாற்காலி அவருக்கு, மத்தவங்க பாயில. அரசன் காய் கொளஞ்சிக்கு, அது அரண்மனைக்குப் பக்கத்துக் கட்டத்துலேர்ந்து கெளம்பும். நம்மள வுட்டா எவன் ஜெயிக்கப்போறான்னு எழுதிட்டாரு.

ஆனா ஆட்டமே ஆரம்பிக்கலீங்க. குடியானவன் காயத் தொட ஆளில்ல. வெளையாட்டுக்குக்கூட நான் ஏர் புடிக்கணுமான்னு ஆளாளுக்குக் கையக் கட்டிக்கிட்டானுங்க. அத்தன பேரும் ஏர் புடிச்ச வூட்டுப் புள்ளைங்கதான், அது வேற விஷயம். ஒரு வாரம் அரசன் மொதக் கட்டத்துலயே பட்டினி. கடைசியா கொளஞ்சிதான் சொன்னாரு, கருப்பண்ணன் மவன் பழனிவேலக் கூப்புடுங்கன்னு.

கருப்பண்ணன் அந்தப் பண்ணையிலதான் காலத்துக்கும் கூலிக்குக் கெடந்தான். மவன் ரெட்டிபாளையத்துல சிமெண்ட் பேக்டரி வேலைக்குப் போறான். மன்றத்துப் படி ஏறுனதில்ல. ஏறுனதில்லன்னா, ஏற வுடறதில்ல, ஒங்களுக்குத் தெரியாததா. வந்தான், ஷிப்டு முடிஞ்சு, தலையெல்லாம் சிமெண்ட் தூசி. பாய் ஓரத்துல உக்காந்து மொதல்ல பின்னட்டையப் படிச்சான். அப்புறம் எம் பக்கங்கள ஒண்ணு வுடாம படிச்சான். மத்தவங்க பொறுமை இல்லாம கட்டைய உருட்டிக்கிட்டுக் கெடந்தாங்க.

கொளஞ்சிக்கு தாயம் விழவே இல்ல. இவன் உருட்டுனான் பாருங்க, பன்னெண்டு, பன்னெண்டு, ஒரு தாயம். உள்ள போயிட்டான். எழுந்தான், வேட்டியத் தட்டுனான், நாற்காலியில போயி உக்காந்தான்.

சும்மா வுடுவமா? கமிட்டி போட்டோம். நாந்தான் எந்திரிச்சுச் சொன்னேன். முப்பத்தோராம் பக்கத்தப் பாருங்க, குடியானவன் செக்குமாடென உழைத்து அரண்மனை வாயிலில் கைகட்டி நிற்பான்னு எழுதியிருக்கேன், உள்ள போறான்னு எங்கியும் எழுதல. அது வெறும் வர்ணனைதானேங்க அய்யான்னான் பழனிவேல். வந்துச்சே கோவம் எனக்கு. வெறும் வர்ணனையாமில்ல! கொளஞ்சி அங்கியே தீர்மானம் போட்டாரு, புலவர் எழுதுன வர்ணனையும் விதிதான்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. வாலிபத்துலேர்ந்து எழுதறேன், எம் எழுத்துக்கு சட்டத்தோட மதிப்பு வந்தது அன்னிக்குத்தான். கண்ணு கலங்கிப்போச்சுங்க.

பழனிவேல் அசையல. சரிங்க, வர்ணனையும் விதிதான், ஆனா நீங்க காட்டுறது குடியானவன் பக்கம், பின்னட்டப்படி நான் இப்ப அரசன், எம் பக்கம் மூணுன்னுட்டான்.

அப்புறம் என்ன, அந்த நாற்காலிய எங்கியாச்சும் ஒளிச்சு வைங்கன்னு கொளஞ்சி எந்தலையில கட்டுனாரு. அரியலூர்ல எந்தங்கச்சி பச்சையம்மா வூட்டுல கொண்டுபோயிப் போட்டேன். மறுநாள் பழனிவேல் வந்தான். நாற்காலி எங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. பாய்க்கு நடுவுல சம்மணம் போட்டான், மூணாம் பக்கத்த எடுத்துப் படிச்சான். அரசன் அமர்ந்த இடமே அரியணை, அதில் அவனோடு அமர்வார் எவருமிலர்.

அய்யோ, என்னமா படிச்சாங்கறீங்க! எவருமிலர்னு நிறுத்துனான் பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. ஊர்ல அந்த முப்பத்தொம்பது பக்கத்தையும் படிச்ச ஒரே ஆளு அவன்தான். கொளஞ்சி அந்த ரெண்டு பக்க மீசையையே இன்னும் தாண்டல.

தீர்மானம் நாங்க போட்டது, எப்படி மீற முடியும்? பாயில இருந்த அத்தன பேரும் எந்திரிச்சு நின்னோம். அன்னிலேர்ந்து தெனம் சாயந்திரம் அவன் உக்காந்து பேப்பர் படிக்கிறான், நாங்க சொவத்தோரமா நிக்கிறோம். வூட்டுக்குப் போலாம்தான். மொதல்ல போறவன் தோத்தவன்னு ஆயிடுமே! புது ஆட்டமா? அதத்தான் அவனும் தெனம் கேக்கறான், ஆரம்பிச்சுருவோம், யாரு குடியானவன்னு. ஒரு பய வாயத் தொறக்கணுமே.

சிரிக்காதீங்க, எனக்கு அறுவது தாண்டிருச்சு. முந்தாநாள் முட்டி தாங்காம, தம்பி, நான் கொஞ்சம் உக்காந்துக்கட்டுமான்னு கேட்டுட்டேன். கருப்பண்ணன் மவன்கிட்ட, நானு. அவரு ஒடனே நவுந்து, பாயில பாதிய வுட்டு, இதுக்குப் போயி கேக்கணுமா, உக்காருங்க அய்யான்னாரு. உக்காந்தும் இருப்பேன். கொளஞ்சி மொறைச்சாரு, நின்னுட்டேன்.

அட, ஊரு வந்துருச்சே. கண்டக்டர் சார், கொஞ்சம் நிறுத்திப் போங்க, மேல ஒரு சாமான் கெடக்கு. தம்பி, நீங்களும் ஒரு கை குடுங்க, பாத்து, கை ஒடஞ்சிறப் போவுது. அதே நாற்காலிதாங்க. நேத்து கமிட்டியில ஒருமனதா முடிவு பண்ணி, கொளஞ்சியேதான் எடுத்தாங்கன்னு அனுப்புனாரு. இத பழனிவேலுக்கே போட்டுட்டா அவரு மேல போயிருவாருல்ல. நாங்க கீழ பாயிலயாச்சும் உக்காந்துக்குவோம்.