கோஸ்தான் சொல்லாதீங்க

ஐலீன்: கோஸ்தான்னு சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!

லியோனார்ட்: வேற என்ன சொல்ல? பின்னாடி வரணும்னா கோஸ்தான்தானே? பத்து வருஷம் செம்பனை மில்லு வாசல்ல நின்னு லாரிக்காரனுங்களுக்கு அப்படித்தான் சொன்னேன். ஒருத்தனும் சுவத்துல முட்டலை.

ஐலீன்: லாரி உங்களுக்கு முதுகைக் காட்டும். கோஸ்தான்னா உங்ககிட்ட வரும். இந்த ட்ரோன் டேங்க்குக்குள்ளேருந்து திரும்பும்போது மூஞ்சியைக் காட்டிக்கிட்டு வருது. நீங்க கோஸ்தான்னதும் நான் பின்னால இழுக்கறேன். அது நேரா அந்தப் பக்கச் சுவத்துல போய்...

லியோனார்ட்: ...அலமாக்! ஐயையோ.

ஐலீன்: அலமாக்தான். ஆறு இடி ஆச்சு.

லியோனார்ட்: அதான் பந்து மாதிரி கூண்டு போட்டிருக்கே. அதுக்கு வலிக்காது லா.

ஐலீன்: நாளைக்கு டெஸ்ட்ல மூணு இடி இடிச்சா ஃபெயில். ஜொகூர் பாருவிலேருந்து வர்ற அபர்ணா மேடம், கூண்டுக்கு வலிக்குதான்னு பாத்தா மார்க் போடுவாங்க?

லியோனார்ட்: ரயனோட நல்லாத்தானே ஓட்டிக்கிட்டிருந்தே...

ஐலீன்: ரயன் சிங்கப்பூர்ல வேலை கெடைச்சதும் கெளம்பிட்டான். ஓட்டறதுக்கு ஒருத்தர், பாத்துச் சொல்றதுக்கு ஒருத்தர் இருந்தாத்தான் டெஸ்ட். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சும்மா இருக்கிற ஆளு நீங்கதான்.

லியோனார்ட்: சும்மாவா? மீ கோரெங் சாப்பிடப் போய்க்கிட்டிருந்தவனை இழுத்துட்டு வந்தே.

ஐலீன்: தப்பாவ் பண்ணி, பொட்டலமா வண்டியிலதான் வெச்சிருக்கேன். உள்ளே நாலு இடத்துல சுண்ணாம்புக்கட்டியில நம்பர் போட்டிருக்கு. நாலையும் படம் எடுத்துட்டு, இடிக்காம வெளியே வந்தாத்தான் பொட்டலம் பிரிப்பேன்.

லியோனார்ட்: சரி, முதலாளியம்மா. அப்போ எப்படிச் சொல்லணும்?

ஐலீன்: ட்ரோனோட கண்ணை நெனைச்சுச் சொல்லுங்க. அதுக்கு எது முன்னாலயோ அது முன்னால. அதுக்கு எது இடதோ அது இடது.

லியோனார்ட்: அது என்னைப் பாத்து நின்னா, அதோட இடது எனக்கு வலது.

ஐலீன்: ஆமா.

லியோனார்ட்: எதிர்ல நிக்கறவனுக்குச் சட்டைப் பட்டன் போட்டு விடற மாதிரி.

ஐலீன்: புரிஞ்சுருச்சே! ...ஏங்க! தலை! தலையை வெளியே எடுங்க!

லியோனார்ட்: எட்டித்தானே பாத்தேன்.

ஐலீன்: ட்ரோன் விசிறி சுத்தறப்போ மேன்ஹோலுக்குள்ள தலை போகக் கூடாது. பக்கத்துல நின்னு டார்ச் வெளிச்சத்துல பாருங்க. கண்ணாடியைப் போடுங்க.

லியோனார்ட்: பூசையில பாதரே இவ்வளவு அதட்டலை.

ஐலீன்: பாதருக்கு நாளைக்கு டெஸ்ட் இல்லை.

லியோனார்ட்: எனக்கு ஒண்ணுதான் புரியலை ஐலீன். எடை மேடையில உக்காந்து லாரிக்குச் சீட்டுக் குடுக்கிற உன்னை இதுக்கு எப்படிப் புடிச்சாரு கண்ணப்பன் சார்? மெக்கானிக் பசங்க அத்தனை பேரு இருக்கானுங்க.

ஐலீன்: மேனேஜர் கைகாட்டினா நான் மாட்டேன்னா சொல்ல முடியும்?

லியோனார்ட்: மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காரவே மாதாவைக் கூப்பிடுவியே...

ஐலீன்: நீங்க ஓட்டினா யாரும் கூப்பிடுவாங்க. ஏன், பொம்பளை பறக்கவிடக் கூடாதா?

லியோனார்ட்: ஐயோ சாமி, நான் அப்படிச் சொல்லவே இல்லை!

ஐலீன்: பேட்டரி ஃபுல்லா இருக்கு. ரெடியா?

லியோனார்ட்: இரு. இவ்வளவு பதட்டம் எதுக்கு? நாளைக்குத் தோத்தா அடுத்த மாசம் திரும்ப டெஸ்ட் வெக்கச் சொல்லலாம்.

ஐலீன்: அடுத்த மாசமா? செவ்வாக்கிழமை மூணாம் நம்பர் டேங்க்கைத் தெறக்கறாங்க. நான் பாஸ் பண்ணினா இது உள்ளே போய்ப் பாத்துட்டு வரும். இல்லேன்னா...

லியோனார்ட்: இல்லேன்னா நான் போவேன். எப்பவும் போல. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு, கையில டார்ச்சோட.

ஐலீன்: அந்தக் கேஸ் மீட்டர் எங்கே?

லியோனார்ட்: என்ன, பேச்சை மாத்தறே?

ஐலீன்: ஒண்ணுமில்லை. கேஸ் மீட்டரைப் படிங்க.

லியோனார்ட்: இந்தப் பழைய டேங்க்குக்கா? உள்ளே துருவும் ரெண்டு பல்லியும்தான் இருக்கு. ட்ரோன் என்ன மூச்சா விடுது?

ஐலீன்: மோட்டார்ல பொறி பறந்தா? உள்ளே கேஸ் இருந்தா நாமளும் மீ கோரெங்கும் பண்டார் தெங்காரா வரைக்கும் பறக்க வேண்டியதுதான். படிங்க.

லியோனார்ட்: ஆக்சிஜன் இருபது புள்ளி ஒம்போது. மத்ததெல்லாம் சைபர்.

ஐலீன்: சத்தமா.

லியோனார்ட்: இருபது புள்ளி ஒம்போது! மத்ததெல்லாம் சைபர்! பெக்கான் நானாஸ் வரைக்கும் கேட்டிருக்கும். போதுமா?

ஐலீன்: போதும். இதைப் படிக்காம இனி யாரும்... எதுவும் உள்ளே போகக் கூடாது.

லியோனார்ட்: யாருமா, எதுவுமா?

ஐலீன்: தூக்கறேன். இனிமே தேவையானது மட்டும் பேசுங்க.

லியோனார்ட்: ...உள்ளே போயிருச்சு. மெதுவா. நல்லாப் போகுது.

ஐலீன்: ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியலையே. ஒரே புகையா இருக்கு.

லியோனார்ட்: புகை இல்லை, துரு கெளம்புது. ரொம்பத் தாழப் போறே.

ஐலீன்: ஆமா, மூடின இடத்துல அதோட காத்து அதுக்கே திரும்பி வரும். மேலே ஏத்தறேன்... தெரியுது. ஒண்ணாம் நம்பர். எடுத்தாச்சு.

லியோனார்ட்: ரெண்டு அதுக்கு வலது பக்கம். சுவத்தை ஒட்டாதே... ஒரு முழம் விட்டு... அங்கேதான்.

ஐலீன்: ரெண்டு. மூணும் இங்கேயே இருக்கு. எடுத்துட்டேன்.

லியோனார்ட்: நாலு எங்கே?

ஐலீன்: மேலே, குழாய்க்குப் பின்னால. அபர்ணா மேடமும் அங்கேதான் வெப்பாங்கன்னு ரயன் சொன்னான்.

லியோனார்ட்: பேட்டரி?

ஐலீன்: நாப்பத்தஞ்சு. முப்பதுக்கு எறங்கறதுக்குள்ள வெளியே வந்துரணும். ஏறு, ஏறு, ராசா... நாலு! எடுத்த... ஐயோ.

லியோனார்ட்: என்ன?

ஐலீன்: படம் நின்னுருச்சு. குழாய் சிக்னலை மறைக்குது போல.

லியோனார்ட்: இழு! வெளியே இழு!

ஐலீன்: இழுக்க மாட்டேன். கையை எடுத்துட்டேன். விட்டா அது அங்கேயே நிக்கும். பதறினாத்தான் முட்டும். நீங்க பாத்துச் சொல்லுங்க. எப்படி நிக்குது?

லியோனார்ட்: நம்மளைப் பாத்துத்தான். குழாய்க்குப் பக்கத்துல... கோ...

ஐலீன்: ம்?

லியோனார்ட்: ...கோவிச்சுக்காதே, சொல்றேன். முதல்ல கீழே, ஒரு முழம். இப்போ அதுக்கு இடது. இன்னும் கொஞ்சம். நில்லு.

ஐலீன்: படம் வந்துருச்சு!

லியோனார்ட்: அதுக்கு முன்னால. நேரா. அப்படியே... அப்படியே... வாயைத் தாண்டிருச்சு. எறக்கு!

ஐலீன்: முப்பத்திரெண்டு! பேட்டரி முப்பத்திரெண்டு! ஒரு இடிகூட இல்லை!

லியோனார்ட்: பொலே லா! முடியும்னு காட்டிட்டே! நாளைக்கு அபர்ணா மேடம் எழுந்து நின்னு கைதட்டப் போறாங்க!

ஐலீன்: என்னங்க? கண்ணு ஏன் கலங்குது?

லியோனார்ட்: துரு.

ஐலீன்: கண்ணாடி போட்டிருக்கீங்க.

லியோனார்ட்: ஐலீன்... நாளைக்கு நீ தோக்கக் கூடாது. என்னால போக முடியாது. பிப்ரவரியில ஆஸ்பத்திரியில கெடந்தேனே, அது டெங்கி இல்லை. மூணாம் நம்பர் டேங்க்குக்குள்ள மயங்கி விழுந்துட்டேன். அவசரத்துல மீட்டரைப் படிக்காம எறங்கினேன். கூட வேலை செய்யற செல்வாதான் கயித்தை இழுத்து வெளியே எடுத்தான். நீ பயந்துருவேன்னு எல்லாருமாச் சேந்து டெங்கின்னு சொல்லிட்டோம். அதுக்கப்புறம் நான் ஒரு டேங்க்குலயும் எறங்கலை. இடுப்புல கயித்தைக் கட்டினதுமே அவுத்துட்டுத் திரும்பிடறேன். இத்தனை மாசமா செல்வாதான் எனக்குப் பதிலா எறங்கினான். இப்போ அவன் லீவுல ஊருக்குப் போயிட்டான். செவ்வாக்கிழமை நான்தான் எறங்கணும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

ஐலீன்: அன்னைக்கு உங்க சட்டையைத் துவைச்சது யாருன்னு நெனைச்சீங்க? கழுத்து வரைக்கும் செம்பனை எண்ணெய்க் கசடு. மூணு தண்ணி மாத்தியும் போகலை. நர்ஸ் லோஷினியைக் கேட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டா. கண்ணப்பன் சார் ஒண்ணும் என்னைப் புடிக்கலைங்க. நீங்க வார்டுல தூங்கிக்கிட்டிருந்தப்போ நான்தான் அவர் ஆபீஸுக்குப் போய் மேசையைத் தட்டினேன். என் வீட்டுக்காரர் இனிமே உள்ளே போகக் கூடாது, போறதுக்கு மெஷின் இருந்தா வாங்குங்க, ஓட்ட ஆள் இல்லேன்னா நான் கத்துக்கறேன்னு சொன்னேன். எனக்கு நீங்க வேணும், அவ்வளவுதான். கண்ணைத் தொடைங்க. பேட்டரியை மாத்துங்க, இன்னொரு தடவை பறக்கவிட்டுப் பாத்துருவோம்.