இரண்டு பேருக்கும் வந்த கிருமி

— இபுகி, எதுக்குடி துணியெல்லாம் பையில அடைக்கிற? விடிஞ்சா ஆபரேஷன்!

— கத்தாத சிகுசா. திரையை இழுத்து விடு, பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்குப் பாம்புக் காது. கையில என்ன, சோத்து உருண்டையா? குடு, பசிக்குது.

— இது எனக்கு வாங்கினது. நீ சாப்பிடக் கூடாதுன்னு நர்ஸ்... அடியே!

— உள்ள சால்மன் மீனா? நல்லாருக்கு. மொரிவாகி டாக்டர் வந்துட்டுப் போனாங்க. அழுதாங்கடி, பாவம்.

— அழமாட்டாங்களா? "கிருமி போகாம ஒட்டிக்கிட்டிருக்கு, விட்டா புத்துநோயாயிடும், வந்து காட்டிட்டுப் போம்மா"ன்னு உனக்கு எத்தனை போன் போட்டாங்க!

— ஒசாகாவுல அப்பதான் வேலைக்குச் சேர்ந்தேன். லீவு எதுக்குன்னு கேப்பான் மேனேஜர். அவன்கிட்டப் போய் கர்ப்பப்பை வாயின்னு சொல்லவா? வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. விட்டுட்டேன்.

— காலேஜ்ல அவங்களோட கிருமி ஆராய்ச்சியில உன்னைச் சேத்து விட்டதே நான். ரெண்டு பேருக்கும் ஒரே ரகக் கிருமி. எனக்கு மறுவருஷமே போயிடுச்சு.

— உனக்கு மட்டும் ஏன்டி போச்சு?

— தெரியலடி. அதைத்தான் அவங்களும் இத்தனை வருஷமாத் தேடுறாங்க.

— பள்ளிக்கூடத்துலயே இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி போட்டிருக்கலாம்.

— எங்க? ஊசி போட்ட பிள்ளைங்களுக்குக் கை கால் இழுத்துக்கிச்சுன்னு டிவியில காட்டினதைப் பாத்து நம்ம அம்மாங்க நடுங்கிப் போயிட்டாங்களே.

— எங்கம்மா நேத்து தரையில நெத்தியை வெச்சு மன்னிப்புக் கேட்டாங்க. எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க.

— காலேஜ்லருந்து உன்கூடச் சுத்துற டோமோயா வந்தானா?

— வந்தான். "இது படுக்கையில ஒட்டுற கிருமியாமே, எத்தனை பேர்கூடப் பழகின"ன்னு கேட்டான். நீ ஒருத்தன்தான்டான்னேன். ஷூவை மாட்டிக்கிட்டுப் போனவன், போனே எடுக்கல.

— நாசமாப் போக! விடு. கர்ப்பப்பை போனாப் போகுது, நீ இருந்தாப் போதும் எனக்கு.

— அது காலியா இல்லடி.

— என்ன சொல்ற?

— நாலு மாசம். அதுக்கு டெஸ்ட் எடுக்கப் போனப்பதான் இதையும் கண்டுபிடிச்சாங்க.

— ஐயோ... டாக்டர் என்ன சொல்றாங்க?

— பிள்ளை பொறக்கிற வரைக்கும் காத்திருந்தா என் உசுருக்கு உத்தரவாதம் இல்லையாம். ஆபரேஷன் வேண்டாம்னு இப்பதான் சொல்லிட்டு வந்தேன்.

— உனக்குப் பைத்தியமா? பெத்துப் போட்டுட்டு நீ செத்துட்டா? அந்தக் குழந்தைக்கு யாருடி இருக்கா?

— அதைக் கேக்கத்தான்டி உன்னை வரச் சொன்னேன்.