ஆறாம் நம்பர் மேசை

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்த இருட்டில் கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மத்தியானம் மூன்று மணி. ஊருக்கு வெளியே நீளமான ரோடு... ஈ காக்கை இல்லை. என் சிநேகிதனின் மச்சான் பைக்கில் போகிறான். அதே ஆபீஸுக்கு, அன்றைக்கு மூன்றாவது தடவை. கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்க்கிற வேலை. வீட்டில் நிறைமாத மனைவி, தனியாக. சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன்.

அது ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால் போன் எடுக்கிற ஆபீஸ். எல்லார் லைனிலும் குரல் விட்டு விட்டு வந்தது. காரணத்தைக் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டான். நெட்வொர்க் அடாப்டரில் ஒரு செட்டிங் உண்டு. எது முதலில் போகலாம், எது காத்திருக்க வேண்டும் என்று அதில் சொல்லி வைக்கலாம். ஆறாம் நம்பர் மேசையில் மட்டும் யாரோ முன்னுரிமையை உச்சத்தில் வைத்திருந்தார்கள். அந்த மேசையின் குரல் போன பிறகுதான் மற்றவர்களுக்கு வழி.

ஆனால் அந்த மேசையில் ஆளே கிடையாது. போன மாதம் இரட்டை ஷிஃப்ட் பார்த்த ஒரு அம்மா, அங்கேயே தலை சாய்த்தவர்... எழுந்திருக்கவில்லை. அவருடைய தலைவலித் தைல வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

இரண்டு தடவை செட்டிங்கை மாற்றினான். இரண்டு தடவையும் அவன் கேட்டைத் தாண்டுவதற்குள்... பழையபடி.

"என்னங்க, விளையாடுறீங்களா?" என்றார் சூப்பர்வைசர். பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "போதும்டா சாமி" என்று மேசைக்கு அடியில் புகுந்தான். மேலே கிடந்த ஹெட்செட்டில் கரகரவென்று ஒரு பெண் குரல்...

"பயப்படாதம்மா. மூச்சை நல்லா விடு. கதவைத் திறந்து வை, வண்டி..."

காது கேட்பதற்குள் கை இழுத்துவிட்டது. டக். வயர் கையோடு வந்தது. குரல் நின்றது.

எழுந்து பார்த்தான். திரையில் ஒரு விலாசம். அவன் வீட்டு விலாசம்.

எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. வாசலில் ஆம்புலன்ஸ். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம். இருவரும் பிழைத்துக் கிடந்தார்கள். அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கை... தைல வாசனை.

"போன் பாதியில கட்டாயிடுச்சுங்க. அப்புறம் அந்தம்மா நேர்லயே வந்துட்டாங்க. வண்டி வர்ற வரைக்கும் கையை விடல. ரொம்ப அசதியா இருந்தாங்க, பாவம்..."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"'உன் வீட்டுக்காரர் வயரைப் பிடுங்கிட்டாரும்மா... நடந்தே வர வேண்டியதாப் போச்சு'ன்னாங்க."